கட்டிலில் மாட்டிய ஸ்ப்ரிங்

மூச்சை உள்ளே இழுங்க, விலா நல்லா விரியட்டும், இப்ப விட்டுக்கிட்டே காலை நீட்டுங்க என்று தாட்சாயணி சொன்னாள். செழியன் இழுத்தான், விலா விரிந்தது, மூச்சும் சொன்னபடி வெளியே போனது, இடது கால் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. சரி, மறுபடி. தில்லை நகரில் இரண்டாம் மாடி ஃப்ளாட், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், ஹாலின் நடுவே வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், அதன் தலைமாட்டுக் கம்பியில் கொக்கி போட்டு ஒரு மஞ்சள் ஸ்ப்ரிங், ஸ்ப்ரிங்கிலிருந்து பட்டை, பட்டையின் நுனியில் வளையம், வளையத்துக்குள் புருஷனின் பாதம், கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தாங்கிக்கொண்டு இவள். போன சித்திரையில் பக்கவாதம் வந்து விழுந்தவனுக்குக் கை திரும்பிவிட்டது, கோணிப்போன வாய் நேராகிவிட்டது, பேச்சு வந்து சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது, இந்தக் கால் மட்டும் யார் வீட்டுக் காலோ என்று கிடக்கிறது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், கால் இந்நேரம் வந்திருக்கணுமேம்மா, சிலருக்கு லேட்டாகும், விடாம செய்யுங்க என்றார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஃபிசியோதெரபிக்காரர், மேடம், உங்களுக்கே எல்லாம் தெரியுது, நான் எதுக்கு என்று நின்றுகொண்டார். தெரிகிறதுதான். பன்னிரண்டு வருஷமாகப் பிலாட்டிஸ் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு கால் எப்படி நீளும் என்று தெரியாதா. தெரிந்து என்ன ஆயிற்று, பாத்ரூம் போக ஒரு கையில் வாக்கரும் இன்னொரு கைக்கு அவள் தோளும்தான், அவள் தோள் இல்லாவிட்டால் அந்த மனுஷனால் ஹாலைத் தாண்ட முடியாது. மூச்சை இழுங்க என்று மறுபடி சொன்னாள்.

சென்னையில் பயிற்சிக்குப் போன முதல் நாள் ஒரு கதை சொன்னார்கள். முதல் உலகப் போரின்போது, எதிரி நாட்டான் என்று பிடித்து முள்வேலி முகாமில் அடைத்துப் போட்ட ஒரு மனுஷன், அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்ப்ரிங்கைக் கட்டி, எழுந்திருக்க முடியாவிட்டால் என்ன, படுத்தபடியே தள்ளு, படுத்தபடியே இழு என்று பழக்கினாராம், அதிலிருந்து வந்ததுதான் இத்தனை மெஷினும் என்று. அவர் வைத்த பெயர்கூட வேறாம், உடம்பைக் கட்டுக்குள் வைக்கிற வித்தை என்கிற மாதிரி ஒரு பெயர், பிலாட்டிஸ் என்ற அவர் பேரே அதற்குப் பேராக ஒட்டிக்கொண்டது பிறகுதானாம். மனசு சொல்வதை உடம்பு கேட்கணும், முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நிமிரணும், மூச்சு மிச்சமில்லாமல் வெளியே போகணும், அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது. தாட்சாயணி அன்றைக்கு அதைக் கேட்டு வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டாள், சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏசி அறை. அப்புறம் திருச்சிக்கு வந்து யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள், கல்யாணப் பெண்களுக்கு. மேடம், ரிசப்ஷன் லெஹங்காவுக்குள்ள இடுப்பு அடங்கணும், மேடம், கை சதை ஆடக்கூடாது, போட்டோல தெரியும். வயிற்றை உள்ளே இழு என்றால் அந்தப் பெண்கள் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள், அவர்களைச் சொல்லி என்ன, அவளும் கண்ணாடியைத்தான் பார்த்தாள். ஸ்டுடியோவில் புது மெஷின் வந்தபோது கழித்துப்போட்ட ஸ்ப்ரிங்குகளில் ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் கேட்டு வாங்கி வந்தாள், மஞ்சள் இழுக்க லேசு, சிவப்பு கெட்டி. ஆக எங்கேயோ போய் எதையோ செய்து கடைசியில் அந்த மனுஷன் ஆரம்பித்த இடத்துக்கே வந்தாயிற்று, கட்டில், ஸ்ப்ரிங், நாலு சுவர். இதில் அடைபட்டிருக்கிறது யார் என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். விடுங்க, மெதுவா, என்றாள், கால் நகரவில்லை, தலைமாட்டில் கொக்கி லேசாகக் கீச்சிட்டு நின்றது.

அவள் எதற்காக இதில் சேர்ந்தாள், அதையும் கேட்க வேண்டியதுதானே. உடம்புக்காகவா, அதெல்லாம் ஊருக்குச் சொன்னது. ஸ்டுடியோவில் செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும், அதற்காகச் சேர்ந்தாள். ஒரு மணி நேரம் போன் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்க இருக்க என்று யாரும் கேட்க முடியாது. செழியன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, மின்வாரியத்தில் நல்ல பேர், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை, கேட்பான், அவ்வளவுதான். கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினால் போன் வரும், எங்க இருக்க. கடையிலங்க. எந்தக் கடை. பக்கத்துல யாரு பேசறது. சரி, சரி, பாத்து வா. அம்மா வீட்டுக்குப் போனால் பஸ் ஏறினதும், இறங்கினதும், வாசல்படி மிதித்ததும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, தாட்சா, இன்னும் எவ்ளோ நேரம். இதைப் போய் யாரிடம் புகார் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள், சொல்லிப் பார்த்தாள், சிரித்தார்கள், இவ்ளோ பாசமா இருக்காரு, உனக்குக் கசக்குதா. பிறகு அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் அவன் ஆபீஸ் விட்டு நேரே ஸ்டுடியோவுக்கு வந்து வரவேற்பு சோபாவில் உட்கார்ந்துகொள்வான், அங்கிருக்கிற பெண்கள் காபி கொடுத்து, மேடம் கொடுத்து வச்சவங்க என்பார்கள். கண்ணாடிக் கதவு வழியே அவன் முட்டி தெரியும். அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே அவள், தோளை இறக்குங்க, கழுத்தை இறுக்காதீங்க என்று மற்றவர்களுக்குச் சொல்வாள், அவள் கழுத்து கல்லாகி இருக்கும். பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், காலைப் பார், முட்டி உள்பக்கம் சாய்கிறது, நேராக்கு. நேராக்கினாள். ஞாயிற்றுக்கிழமை வந்துதான் தீரும், தினம் இந்த நேரத்துக்கு வருகிறது. அவன் பேப்பர் விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான், மகள் யாழினி சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள், வீட்டில் வேறு யாருமில்லை, இவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். நான் பாண்டிச்சேரி போறேங்க. என்கூட வேலை பாத்த ஜெசிந்தா அங்க ஸ்டுடியோ ஆரம்பிச்சிருக்கா, மாடியில எனக்கு ரூம் வச்சிருக்கா. திரும்பி வர்றதா இல்ல. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கட்டைவிரல் நகத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து, சாப்டியா என்றான். அவ்வளவுதான் பதில். திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காதது போல ஆபீஸ் போய் வந்தான். செவ்வாய்க்கிழமை காலை பாத்ரூமில் வாளி உருளும் சத்தம். டாக்டர் சொன்னார், பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கும்மா, மாத்திரையே போடல இவரு என்று. டாக்டருக்குப் பிரஷர் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அது யாருக்கும் தெரியாது, யாழினிக்குத் தெரியாது, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அவன் அக்கா தமிழரசி அண்ணிக்குத் தெரியாது, அண்ணி தினம் நாலு மணிக்குத் தம்பிக்கு சூப் கொண்டுவந்து, உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க அவன் என்ன புண்ணியம் பண்ணானோ என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மகராசிப் பட்டம். யாருக்கு வேண்டும். அவனும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, இவளும் விடவில்லை, அவன் மறந்துவிட்டானோ, மூளையில் அந்த இடம் அழிந்துவிட்டதோ என்றுகூட இவள் சில நாள் ஆசைப்பட்டாள். விழுந்து கிடக்கிறவனை விட்டுப் போக முடியுமா. போகலாம், கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஆனால் முடியாது. அதனால் தனக்குத்தானே ஒன்று சொல்லி வைத்துக்கொண்டாள், என்றைக்கு இவன் தன் காலால் பாத்ரூம் வரை நடக்கிறானோ அன்றைக்கு நான் கிளம்புகிறேன். தினம் ஸ்ப்ரிங் மாட்டுவது அதற்குத்தான். ஊர் அதைப் பணிவிடை என்கிறது.

வளையம் கணுக்காலில் ஏறிச் சிவந்திருந்தது. கொஞ்சம் இருங்க என்று வளையத்தைக் கழற்றி, காலை மெத்தைமேல் நீட்டி வைத்து, குதிகாலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தடம் பட்ட இடத்தைத் தேய்த்தாள். அப்போது ஒரு ஈ. அவனுடைய வலது முழங்காலில் வந்து உட்கார்ந்தது, அவன் சட்டென்று வலது காலை உதறித் தூக்கினான், அதே நொடியில் அவள் உள்ளங்கை மெத்தையோடு மெத்தையாக அழுந்தியது. இடது குதிகால். பொம்மைக்கால் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்ட அந்தக் கால், மோதிரம் விரலில் பதிகிற அளவுக்கு அழுத்தியது. வலது கால் இறங்கியதும் விட்டுவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. தினம் வகுப்பில் பார்க்கிறதுதான், மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கினால் இன்னொரு குதிகால் தானாகப் பாயை அழுத்தும், அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தூக்குகிற காலுக்கு முட்டுக்கொடுக்கிற கால் அது. ஆனால் அழுத்த உயிர் வேண்டுமே. உயிர் இல்லாத கால் எப்படி அழுத்தும். வலது காலை ஒரு தடவை தூக்குங்க என்றாள், குரல் மாறாமல். எதுக்கு, அது நல்லாத்தானே இருக்கு என்றான். சும்மா தூக்குங்க, முதுகு பாக்கணும். தூக்கினான். அழுத்தியது. இறக்குங்க. இப்ப இடது குதிகாலை என் கைமேல அழுத்துங்க. அவன் கண்ணை இறுக்கினான், நெற்றியில் நரம்பு எழுந்தது, மூச்சு அடைத்தது, உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, வெறும் எடை. கேட்டால் வராது, கேட்காவிட்டால் வருகிறது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏமாற்றுகிறான். இதுதான் முதலில் வந்தது, வந்ததும் காது மடல் வரை சுட்டது. இத்தனை மாசம், பாவி, என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு, ராத்திரி மூன்று தடவை எழுப்பி, என் முதுகு விட்டுப்போகிற வரைக்கும். அப்புறம், இல்லை, நெற்றி நரம்பைப் பார்த்தாயே, அது நடிக்கிற நெற்றியா, ஒரு கல்யாணப் பெண் பாதி மூச்சில் டிமிக்கி கொடுத்தால் கண்டுபிடிக்கிறவள் நீ, இவன் முழுசாகத்தான் முயற்சி பண்ணினான். அப்படியானால் அவனுக்கே தெரியாதா. தெரியாமல் ஒரு கால் பொய் சொல்லுமா. சொல்லும்போல இருக்கிறது, எழுந்தால் என்ன நடக்கும் என்று உள்ளே எங்கேயோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தால் அது காலைப் போய்ப் பிடித்துக்கொள்ளாதா. மனசு சொல்வதை உடம்பு கேட்கணும், அதுதானே வித்தை. முள்வேலிக்குள் இருந்த அந்த மனுஷன் கேட்டது இதைத்தானே, இவனைவிட யார் கேட்டார்கள், அவளிடம் படித்த அத்தனை பேரில் ஒருத்தியாவது இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கனவிலாவது கண்டிருப்பாளா. சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று அடக்கிக்கொண்டாள். அடக்கினதும், பீரோவுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிற சிவப்பு ஸ்ப்ரிங் ஞாபகத்துக்கு வந்து நின்றது. ஏன் அதை ஒரு நாளும் எடுக்கவில்லை. எந்தப் புதுப் பெண்ணையும் ரெண்டாவது வாரமே மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றிவிடுவாள், கெட்டியான ஸ்ப்ரிங்குக்கு எதிரேதான் சதை விழிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இவனுக்கு மட்டும் மாசக்கணக்காக மஞ்சளே மாட்டியிருக்கிறாள், பச்சைக்குழந்தை தள்ளுகிற ஸ்ப்ரிங். பாவம், பலமில்லை என்று நினைத்தாளாம். பொய். அவன் கட்டிலில் கிடந்த இந்த மாசங்களில் அவள் கறிவேப்பிலை வாங்கப் போய் அரை மணி நேரம் நின்று ஜூஸ் குடித்துவிட்டு வந்திருக்கிறாள், போனுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறாள், அவனால் எழுந்து வர முடியாது என்று ஒரு நிம்மதி, சொல்லவே கூசுகிறது, ஒரு சந்தோஷம்கூட. எழுந்துவிட்டால் அவள் போயாக வேண்டும். நாற்பத்தைந்து வயசில் தெரியாத ஊரில், ஒரு மாடி ரூமில், யாருமே எங்க இருக்க என்று கேட்காத ஒரு நாளில் தான் என்ன செய்வாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவன் காலை ஒளித்து வைத்துக்கொண்டான், இவள் சிவப்பு ஸ்ப்ரிங்கை ஒளித்து வைத்துக்கொண்டாள், ரெண்டும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டது. பயமாக இருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்பதுதான் அதிலே பெரிய பயம், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், நாளைக்கும் மஞ்சளை மாட்டலாம், நாளன்றைக்கும் மாட்டலாம், அண்ணி சூப் கொண்டுவருவாள், யாழினிக்குக் கல்யாணம் ஆகும்.

"குதிகால் என் கைய அழுத்துச்சுங்க" என்றாள்.

"எது?"

"இடது. நீங்க வலது காலைத் தூக்கினப்ப. ரெண்டு தடவை."

செழியன் கூரையைப் பார்த்தான். அங்கே ஃபேனைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு, "எனக்குத் தெரியல தாட்சா. சத்தியமா தெரியல. வரச் சொன்னா வரமாட்டேங்குது" என்றான். சின்னக் குரலில் சொன்னான், அவள் நம்பினாள், நம்பினது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அவன் கை போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "அது வந்துட்டா நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

ஆக மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இத்தனை நாளும் இந்தக் கட்டிலில் அவனோடுதான் படுத்திருந்திருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தாள், ஷேவ் செய்துவிட்டது அவள்தான், தாடைக்குக் கீழே ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. அவன்மேல் அவளுக்குப் பாசம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான், இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆளின் பாதத்தையும் முகத்தையும் பார்த்தால் வந்துவிடுகிறது, அதை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியாது என்பதுதான் கஷ்டம். அவன் சாகக்கூடாது, நன்றாக இருக்கணும், நடக்கணும், அவள் இங்கே இருக்கக்கூடாது. இதை எந்த வாயால் அவனிடம் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தது.

தமிழரசி அண்ணி. எவர்சில்வர் தூக்குப் பாத்திரமும், மாடிப்படி ஏறின மூச்சிரைப்புமாக நின்றாள். "என்னம்மா, முகமே ஒரு மாதிரி இருக்கு? தம்பி எப்படி இருக்கான்?" என்று செருப்பைக் கழற்றினாள். தினம் கேட்கிற கேள்வி, தினம் சொல்கிற பதில் ஒன்று உண்டு, அப்படியே இருக்காரு அண்ணி, உள்ள வாங்க. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்கும் தீர்ந்தது, நாளைக்கும் தீர்ந்தது, எல்லாமே தீர்ந்தது. தாட்சாயணி கதவைப் பிடித்துக்கொண்டாள். தோள் காதுவரை ஏறியிருந்தது, இறக்கினாள், மூச்சை மிச்சமில்லாமல் வெளியே விட்டாள்.

"நல்லா இருக்காரு அண்ணி. நான் நாளைக்குப் பாண்டிச்சேரி போறேன். அங்கேயே இருக்கப் போறேன். இது அவரு விழறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொன்னது."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வாக்கர் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்புவதற்குள் அண்ணியின் கண் அவள் தோளைத் தாண்டிப் போய்விட்டது, தூக்குப் பாத்திரம் கை நழுவி, சூப் வாசல் முழுக்க ஓடியது. செழியன் நின்றான். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே, எதையும் பிடிக்காமல், லுங்கி முழங்காலுக்கு ஏறியிருக்க, ரெண்டு காலிலும் நின்றான். இடது காலை எடுத்து வைத்தான், அது தரையில் சரியாகப் பதிந்தது, வலது காலை வைத்தான், மறுபடி இடது. ஓடி வந்து பிடிக்க வேண்டும்போல தாட்சாயணியின் கை தானாக நீண்டது, அவள் அதை மடக்கிக்கொண்டாள். அண்ணி சூப்பை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடித் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள், திரும்பி வந்து தாட்சாயணியைக் கட்டிக்கொண்டு அழுதாள், "எழுப்பிட்டியே தாயி, என் தம்பிய எழுப்பி நிறுத்திட்டியே, உன் கால்ல விழணும்டி நான்" என்று கன்னத்தைக் கன்னத்தில் அழுத்தினாள், யாழினிக்குப் போன் போடு, சமயபுரத்துக்கு நேர்ந்துக்கிட்டது பலிச்சிருச்சு, டாக்டருக்குச் சொல்லு என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். பிடி இறுகிக்கொண்டே போனது. வாசலில் சொன்ன வார்த்தை சூப்போடு சூப்பாக எங்கேயோ போய்விட்டது, அது இனி இல்லை, சொல்லாததற்குச் சமம், அண்ணியின் வியர்வையும் ஈரக் கன்னமும் முகத்தை மூட, இனிமேல் ஜென்மத்துக்கும் இந்தக் கையிலிருந்து வெளியே வர முடியாது என்று தாட்சாயணிக்குத் தோன்றியது.

அவள் அண்ணியின் ரெண்டு கையையும் பிடித்து மெதுவாகத் தன்மேலிருந்து எடுத்தாள். "அண்ணி, நான் வாசல்ல ஒண்ணு சொன்னேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணி விழித்தாள். "என்ன சொன்ன? எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அவனை உக்கார வை" என்றாள்.

செழியன் உட்காரவில்லை. முழங்கால் ரெண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன, சோபாவின் முதுகு ஒரு சாண் தூரத்தில் இருந்தும் அவன் அதைத் தொடவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை, தாட்சாயணியைத்தான் பார்த்தான்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றான்.